வடக்கிலிருந்து இறங்கும் சிவப்பு

இது என்னுடைய கதையல்ல. மதுரையில் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் அடுத்த கட்டிலில் இருந்த இசக்கியம்மாள் எனக்குச் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். அதனால் சில இடங்களில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, ஈரப் போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. நடந்தது பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு தொலைபேசி அழைப்புக்கும் நடுவே அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் கேட்கக் கேட்க அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. எங்கள் இரண்டு வீடுகளிலும் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர்கள் நாங்கள்தான். 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன், தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது. அதனால் அவள் 'நான்' என்று சொன்ன இடத்தில் நானும் 'நான்' என்றே எழுதுகிறேன். அவள் சொல்லாமல் நானாக இட்டு நிரப்பியதும் இதில் இருக்கும். எது அவளுடையது எது என்னுடையது என்று இப்போது என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

வடக்கிலிருந்து. அது வடக்கிலிருந்து கீழே வருகிறது. திரையில் அந்த அமெரிக்க வரைபடம் அப்படியே நிற்கிறது, மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே பச்சை, நல்ல கரும்பச்சை, மழைக்குப் பிறகு வேப்பமரம் நிற்குமே அந்தப் பச்சை, அதற்குள்தான் நான் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்த ஞானகுரு சாரும் அவர் மனைவியும் நாளைக் காலையில் காரில் ஏறிப் போகப் போகிறார்கள், சிவப்பு இலை பார்க்க. நான் குல்லாவைப் பற்றிப் பார்க்கத்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தேன். குரங்குக் குல்லா எடுத்துக்கலாமா தாயி, அங்க யாரும் பாத்துச் சிரிப்பாங்களா என்று நேற்றுக் குரல்பதிவு அனுப்பியிருந்தார், சரி குளிர் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம் என்று தேடினேன், தேடின இடத்தில் இது வந்து நிற்கிறது. கீழே ஒரு கோடு இருக்கிறது, அதைப் பிடித்து இழுத்தால் வாரம் வாரமாக இலை நிறம் நகர்கிறது. இழுத்தேன். சிவப்பு கீழே இறங்கியது. முதலிலிருந்து மறுபடி இழுத்தேன், மறுபடியும் கீழேதான் இறங்கியது, எத்தனை தரம் இழுத்தாலும் அது எனக்காக மேலே ஏறப்போவதில்லை. விரலில் சுட்டி ஒட்டுகிறது, மதியத்து அல்வா நெய். கடைசி வாரம்வரை இழுத்தால் வடகோடி முழுவதும் பழுப்பாகிவிடுகிறது, அந்தப் பழுப்பின்மேல் சுட்டியை வைத்தால் 'முடிந்தது' என்று எழுத்து வருகிறது. அந்தப் பழுப்புக்குள்தான் மூன்றாவது வார இறுதிக்கு அவர்களுக்கு நான் அறை போட்டிருக்கிறேன். ஏரி தெரிகிற அறை, சமைக்க அடுப்போடு. கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து முதலாளி ரெக்ஸ் சார் என்னைப் பார்க்கிறார், இல்லை, எனக்குப் பின்னால் இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் வரைபடத்தைச் சின்னதாக்கினேன். திருடி மாதிரி.

அல்வா எங்கள் அலுவலகத்து வழக்கம். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஊர் சுற்ற ஆசை இருக்கும், திட்டம் போட நேரம் இருக்காது, அதை நாங்கள் மதுரையில் ஒரு மாடியில் உட்கார்ந்து போட்டுக் கொடுப்போம், எந்தச் சாலையில் போனால் பார்க்க அழகு, எங்கே நிறுத்தி டீ குடிக்கலாம், எந்த மலைப்பாதையில் மூட்டுவலிக்காரர்கள் நடக்கலாம், எங்கே தங்கலாம் என்று எல்லாவற்றையும். வாடிக்கையாளர் கிளம்புவதற்கு முந்தின நாள், திட்டம் போட்டவரை எழுந்து நிற்கவைத்து ரெக்ஸ் சார் தன் கையால் இலையில் அல்வா வைத்துக் கொடுப்பார். இன்று மதியம் என் முறை. “எல்லாரும் பாத்துக்கங்க, அங்க இலை சீசன்ல ரூம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு, இந்தப் பொண்ணு வடக்குக் கோடியில ஏரிக்கரையில பிடிச்சிருக்கு, அதுவும் கேட்ட உடனே” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், நான் சிரித்தேன், வாயில் அல்வாவோடு சிரித்தேன். கேட்ட உடனே. கேட்ட உடனே ஏன் கிடைத்தது இசக்கி, நீ ஒரு நிமிஷம் யோசித்தாயா. அந்த விடுதிக்கார அம்மா பதிலில் எழுதியிருந்தாளே, அந்த வாரம் இங்கே கூட்டமே இருக்காது, அமைதியாக இருக்கும் என்று. நான் அதை அந்த இடத்தின் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். சாருக்கு அமைதி பிடிக்கும் என்று நானே அடிக்கோடு போட்டு அனுப்பினேன். அவள் சொன்னது, பெண்ணே, அப்போது இங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, அதனால் ஆள் வரமாட்டார்கள் என்பது. இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தால் எல்லாரும் எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

ஏன் அப்படி நினைத்தேன். அதுதான் பிடிபடவில்லை, பிடிபடவில்லை என்பதும் பொய், நன்றாகவே பிடிபடுகிறது, அதுதான் கூச்சமாக இருக்கிறது. புளியங்குடியில் வைகாசி கடைசியில் மேற்கே மலைமேல் மேகம் இறங்கும், காற்று திரும்பும், சாரல் எட்டிப்பார்க்கும், அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கேரளாவுல தொடங்கிட்டான், இனி மேல ஏறிருவான் என்பார். டிவி வரைபடத்தில் நீல அம்புகள் கீழிருந்து மேலே போகும், முதலில் நாங்கள், அப்புறம் கர்நாடகம், அப்புறம் பம்பாய், டெல்லிக்காரர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டும். உலகத்தில் வேறு எதிலும் எங்கள் ஊர் முதலாவதாக வந்தது கிடையாது. பருவம் என்றால் எனக்கு அதுதான், தெற்கில் தொடங்கும், வடக்கே ஏறும். யோசித்து எடுத்த முடிவு இல்லை, யோசிக்காமல் எடுத்ததுதான், காலில் இடது செருப்பு முதலில் மாட்டுகிற மாதிரி. அக்டோபர் மாதம் மூன்று வார இறுதி என்று வந்ததும் கை தானாக எழுதிவிட்டது, முதல் வாரம் தெற்கே கனெக்டிகட், சாரின் மகள் வீட்டுக்குப் பக்கம், இரண்டாவது வாரம் மாசசூசெட்ஸ் மலை, மூன்றாவது வாரம் வெர்மான்ட் வடகோடி. ஏறுவரிசை. பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருந்தது. குளிர் வந்தால் இலை நிறம் மாறும், குளிர் வடக்கிலிருந்து வரும், இதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். நான் புவியியல் படித்தவள். அட்சரேகை உயர உயர வெப்பம் குறையும் என்று இரண்டாம் ஆண்டுத் தேர்வில் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவள். எழுதினது ஒரு பக்கம் இருந்திருக்கிறது, நான் ஒரு பக்கம் இருந்திருக்கிறேன். இரண்டும் சந்திக்கவே இல்லை.

நாளை காலை கிளம்புகிறார்கள். இன்று மாலை ஆறரைக்கு அவர் கூப்பிடுவார், அங்கே அப்போது காலை, காபி குடித்துவிட்டு உட்கார்ந்து கூப்பிடுவார். அதற்குள் ஏதாவது செய்யவேண்டும். செய்யவேண்டியது சின்னதுதான், அதுதான் கொடுமை. முதல் வாரத்தையும் மூன்றாவது வாரத்தையும் இடம் மாற்றிவிட்டால் போதும், நாளைக்கு வடக்கே போகட்டும், கனெக்டிகட் எங்கே ஓடிவிடப்போகிறது, மூன்றாவது வாரம் அது சிவந்துவிடும். அறைதான் பிரச்சினை. வடகோடியில் நாளைக்கு என்று போட்டுப் பார்த்தேன், இல்லை, இல்லை, இல்லை, எல்லாம் நிரம்பிவிட்டது, நிரம்பாமல் இருக்குமா, அறிவுள்ளவர்கள் எல்லாம் அங்கே போயிருப்பார்கள். பக்கத்து ஊரில், நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில், ஒன்று இருந்தது. ஏரி கிடையாது, அடுப்பு கிடையாது, படத்தில் ஒரு கட்டிலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரியும். 'கடைசி அறை' என்று சிவப்பில் போட்டிருக்கிறது. அதையும் திறந்து வைத்துக்கொண்டேன். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகட்டும், ஒரு நாள்தானே. அந்த மரப்பாலம் அங்கிருந்து கிட்டத்தான். அந்த மரப்பாலம்.

அதற்காகத்தான் அவர்கள் போவதே. இலைக்காக என்றுகூடச் சொல்லமுடியாது. போன மாதம் ஞானகுரு சார் ஒரு பழைய படத்தைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார், சாத்தூரில் கல்யாணமான வாரம் ஸ்டுடியோவில் எடுத்தது, அவர் பெரிய காலர் சட்டை, சுப்புத்தாய் அம்மா தலை நிறையப் பூ, பின்னால் திரையில் வரைந்த வெளிநாட்டுக் காடு, எல்லா மரமும் சிவப்பு, வளைந்து போகிற ஒரு சாலை, ஒரு மரப்பாலம். அந்தத் திரையில ஒரு கிழிசல் இருந்துச்சு தாயி, போட்டோக்காரன் இவ தலையை நகத்தி நகத்தி அதை மறைச்சான் என்று சொன்னார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகளைப் பார்க்கப் போயிருக்கிறார், தீபாவளிக்கு ஊர் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று, அம்மாவுக்கு மூட்டு மோசம், இன்னொரு தரம் விமானம் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகள் இந்த வருஷம்தான் டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வந்தவர், அவருக்கும் அந்தப் பக்கத்து மரம் செடி ஒன்றும் தெரியாது, வாரக் கடைசியில் கார் ஓட்டத்தான் அவருக்கு முடியும். ஆக இந்த ஒரு தடவைதான். நிஜமான சிவப்புக்கு முன்னாடி அதே மாதிரி நின்னு ஒரு போட்டோ எடுக்கணும், எங்க கிடைக்கும்னு நீ பாரு, நீ படிச்ச பிள்ளை. நான் பார்த்தேன். எவ்வளவு பார்த்தேன். வளைந்த சாலை இருந்தால் பாலம் இருக்காது, பாலம் இருந்தால் அதற்கு மரக்கூரை போட்டு மூடியிருக்கும், படிக்கட்டு இருந்தால் அம்மாவால் முடியாது. கடைசியில் அந்த வடகோடியில் ஒரு சதுப்புக் குளத்தைச் சுற்றி ஒரு சமதளப் பாதை, அதன் முடிவில் ஒரு மரப்பாலம், அதற்கப்பால் சாலை அப்படியே அந்தத் திரையில் வளைந்தமாதிரி இடப்பக்கம் வளைந்து போகிறது. கண்டுபிடித்த அன்று எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இந்த வேலையில் சேர்ந்த பிறகு எனக்கு முதல்முறையாக, சம்பளத்துக்காக இல்லாமல், வேறு எதற்காகவோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. அந்த இடத்தை எடுத்துத்தான் பழுப்புக்குள் வைத்துவிட்டேன். இடம் சரி. வாரம்தான் தப்பு. இடம் சரி என்பதில் மனசு போய்ப் போய் ஒட்டிக்கொள்கிறது, அதை வைத்துத் தப்பித்துவிடலாமா என்று.

என்னிடமும் அப்படி ஒரு படம் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. பட்டம் வாங்கின கையோடு அப்பா ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார், மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார், எலுமிச்சை மூட்டை தூக்கின தோளில் புளிப்பு வாடை, ஸ்டுடியோக்காரர் வாடகைக் கறுப்பு அங்கியை எனக்கு மாட்டிவிட்டு இதே மாதிரி ஒரு சிவப்புக் காட்டுத் திரையை இறக்கினார். “இது எந்த ஊருய்யா?” என்று அப்பா கேட்டார். “சுவிட்சர்லாந்துண்ணே” என்றார் அவர். நான் சும்மா இருந்திருக்கலாம். “இல்லப்பா, அது மேப்பிள் மரம், வட அமெரிக்கா, அங்க இலையுதிர் காலத்துல இப்படித்தான் ஆகும்” என்றேன். ஸ்டுடியோக்காரர் வாயை மூடிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்றிலிருந்து மார்க்கெட்டில் எவன் எதைச் சொன்னாலும், எம்பிள்ளைகிட்டக் கேளு, அதுக்கு ஒலகம் பூராத் தெரியும் என்கிறார். அந்தப் படம் வீட்டில் மின்மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. எனக்கு நிஜமாகத் தெரிந்த சிவப்பு இலை கல்லூரி வாசலில் நின்ற வாதாமரத்து இலைதான், அது மாசியில் வெயிலுக்குச் சிவந்து கொட்டும், நாங்கள் மிதித்துக்கொண்டு வகுப்புக்குப் போவோம். மேப்பிளை நான் அதுவரை புத்தகத்தில்கூடப் படமாகப் பார்த்தது கிடையாது, பெயர்தான் தெரியும். பெயர் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாயை மூடவைத்தேன்.

சொல்லிவிடுவது. எப்படிச் சொல்வது. சார் ஒரு சின்ன மாற்றம். சின்ன என்று ஏன் வருகிறது. சார், இந்த வருஷம் குளிர் சீக்கிரம் வந்துவிட்டது, அதனால் வடக்கே முதலில் போய்விடுங்கள். இது நன்றாக இருக்கிறது, பழி குளிர்மேல் போய்விடும், ரெக்ஸ் சாருக்கும் இதையே சொல்லலாம். ஆனால் மகள் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எல்லா வருஷமும் வடக்கில்தான் முதலில் வரும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், உங்களுக்கு யார் திட்டம் போட்டது என்று கேட்பார். படிச்ச பிள்ளைதான் போட்டுச்சு என்பார் அவர். சார், விடுதியில் ஒரு குழப்பம். சார், சாலையில் வேலை நடக்கிறது. ஒவ்வொரு வாக்கியமாகச் செய்து பார்க்கிறேன், ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு மூலையில் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். சார், நான் தப்பாகப் போட்டுவிட்டேன். இது நாலே சொல். இதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் மதியத்து அல்வாதான் இனிக்கிறது. ஊரில் ஏமாற்றுகிறவனை அல்வா கொடுத்துட்டான் என்பார்களே, எனக்கு முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் என்னைக் கொடுக்கவைத்திருக்கிறார்கள், என்று ஒரு நினைப்பு வந்து சிரிப்பும் வந்தது, அந்த நேரத்தில் ரெக்ஸ் சார் வெளியே வந்தார். “என்னம்மா இசக்கி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, அல்வா ஒத்துக்கலையா?” என்றார். “ஒண்ணுமில்ல சார்.” “ஞானகுரு சார் கூப்பிடுவாரு. பெரியவரு. நாளைக்கு நாலு பேருக்கு நம்மளச் சொல்லுவாரு. நல்லாப் பேசு.” இதோ, இப்போது இவரிடம் சொல்லலாம். இவர் நல்லவர்தான், திட்டுவார், பிறகு அவரே அந்தக் கடைசி அறையைப் போட்டுவிடுவார், அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும். “சரி சார்” என்றேன். அவர் போய்விட்டார். கை தட்டினவர்கள் எல்லாரும் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் நான் வாயைத் திறந்தால் எல்லாரும் திரும்புவார்கள், ஜியாகிரபி என்று ஒருத்தர் சொல்வார், அவ்வளவுதான், மெதுவாகத்தான் சொல்வார்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகி இறங்குகிறது. கடைசி அறை இன்னும் இருக்கிறது. யாராவது எடுத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் திடுக்கென்றது. எடுத்துவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை, நான் சொன்னாலும் பயனில்லை, அதனால் சொல்லவேண்டாம். அந்த அறை போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பெரியவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு மொட்டை மலைக்கு முன்னால் போய் நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மாதிரிதானே அது. இல்லை, அப்படி இல்லை. அப்படித்தான். பக்கத்தைப் புதுப்பித்தேன். இருக்கிறது. மறுபடி புதுப்பித்தேன். இருக்கிறது, கடைசி அறை, ஜன்னலுக்கு வெளியே லாரி. கைபேசி அதிர்ந்தது.

“தாயி, நான் ஞானகுரு பேசுறேன்” என்றார். பெயர் திரையில் வரும் என்று தெரிந்தும் ஒவ்வொரு தரமும் பெயர் சொல்லித்தான் தொடங்குவார். “குல்லா விசயம் என்னாச்சு?” எடுத்துக்கோங்க சார், யாரும் சிரிக்க மாட்டாங்க என்றேன். “யாரும் சிரிக்க மாட்டாங்களாம்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். “நான் சிரிப்பேன்” என்றது பின்னாலிருந்து சுப்புத்தாய் அம்மாவின் குரல். “செருப்புக்கு என்ன சொல்லுது அந்தப் பிள்ளை?” “ஷூ போடச் சொல்லுது.” “சேலைக்கு ஷூ போட்டா எலெக்சன் டூட்டிக்குப் போற மாதிரி இருக்கும். நான் போடமாட்டேன்.” “சரி, நீ ஓட்டுப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வா” என்றார் அவர், இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே, இப்போது சொல், இந்தச் சிரிப்பு அடங்கினதும் சொல் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “தாயி, ஒரு சந்தேகம். கோச்சுக்காதே. இங்க வாசல்ல நிக்கிற மரமெல்லாம் இன்னும் பச்சையாத்தான் இருக்கு. இவ காலையில இருந்து ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு, கிட்டத்துல போறோமே, அங்க மட்டும் செவப்பா இருக்குமா, முதல்ல தூரமாப் போனா என்னன்னு கேக்குறா.” கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். நான் தட்டக்கூட வேண்டாம், உள்ளே போனால் போதும், ஆமா சார், அம்மா சொல்றதுதான் சரி. “சார்” என்றேன். “சொல்லு தாயி.” அந்தச் சொல்லு தாயியில் எந்தச் சந்தேகமும் இல்லை, பரீட்சைத் தாளைத் திருத்துகிறவரின் குரல் இல்லை அது, விடையைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்திருக்கிறவரின் குரல். என் அப்பா ஸ்டுடியோவில் 'இது எந்த ஊருய்யா' என்று கேட்ட குரல். “இப்பத்தான் ஆரம்பிக்குது சார்” என்று என் வாய் சொன்னது, தெளிவாக, நல்ல உச்சரிப்போடு. “நீங்க மூணாவது வாரம் வடக்க போற நேரம் நல்லாப் பிடிச்சிரும். அம்மாகிட்டச் சொல்லுங்க.” பிடிச்சிரும். மழைக்குச் சொல்கிற சொல். “அப்படிச் சொல்லு” என்றார் அவர், நிம்மதியாக, பிறகு உள்ளே திரும்பி, “பாத்தியா, படிச்ச பிள்ளை சொல்லுது. நீ ஜன்னல் வழியாப் பாத்து ஒரு கணக்குப் போடாதே.” அந்த அம்மா ஒரு பாத்திரத்தை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. போய்ட்டு வாங்க சார் என்றேன். வச்சிரட்டுமா தாயி என்றார். ரெக்ஸ் சார் கண்ணாடிக்குள்ளிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்தக் கடைசி அறை, நான் கணினியை அணைத்த வரைக்கும் இருந்தது.

இதோடு அவள் 'நான்' என்று சொன்னது முடிந்தது. மீதியை நானே பார்த்தேன். மாடியில் துணி முழுவதும் போட்டு முடித்த பிறகு இசக்கி கைபேசியை எடுத்து அவர் அனுப்பிய படத்தைக் காட்டினாள். அவள் அதற்கு இன்னும் பதில் போடவில்லை. படத்துக்குக் கீழே, “போட்டோ நல்லா வந்திருக்கு தாயி. கிழிசல் ஒண்ணும் இல்ல” என்று எழுதியிருந்தார். “குத்திக் காட்டுறாரா, இல்ல பாவம்னு விட்டுட்டாரா, எதுன்னு தெரியல” என்றாள் இசக்கி. படத்தில் மலை மொட்டையாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது, மேப்பிள் எல்லாம் வெறும் குச்சி. மரப்பாலத்தின்மேல் பெரியவர் குரங்குக் குல்லாவோடு நின்றார். பக்கத்தில் அந்த அம்மா, சேலைக்கு ஷூ போட்டிருந்தார், தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் சதுப்புக் குளத்தின் ஓரமாக ஊசியிலை மரங்கள் வரிசையாக நின்றன, உச்சி முதல் அடி வரை மஞ்சள், மஞ்சள் தூளில் புரட்டி எடுத்த மாதிரி. “பாரு, பைன் மரம்கூடக் காஞ்சு நிக்குது” என்றாள். “செத்துப்போன மரத்துக்கு முன்னாடி நிக்க வச்சுட்டேன்.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் கடற்கரைப் பக்கத்துக்காரி, எங்கள் பக்கம் சவுக்கு அந்த நிறமானால் பட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். அவள் படத்தை மூடிவிட்டாள், காலி வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள், இப்போது அந்தக் கைபேசி எண்ணும் இல்லை. அதனால் பிற்பாடு எனக்குத் தெரியவந்ததை அவளிடம் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் அவள் அந்தத் தொலைபேசியில் சொன்னது சொன்னதுதான்.

அந்த மரத்தைப் பற்றிப் பிற்பாடு நான் தேடிப் பார்த்தேன். அது பட்ட மரம் இல்லை, அதன் பெயர் டாமரக். ஊசியிலை மரங்களில் குளிர்காலத்துக்கு முன் இலையுதிர்க்கிற மிகச் சிலவற்றில் ஒன்று. வடக்கே சதுப்பு நிலங்களில் வளரும். அங்கே அது மஞ்சளாவது அக்டோபர் பிற்பாதியில், மேப்பிள் எல்லாம் கொட்டி முடித்த பிறகு.